எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்க முடியாதபோது

டீச்சர், உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு தொட்டிகளில் இருபது இருபது பச்சைப்பயறு விதைகளைப் போட்டிருக்கிறார்கள். ஒரு தொட்டிக்குப் பஞ்சகவ்யா கலந்த தண்ணீர், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். மூன்று வாரம் கழித்து அளந்தால் பஞ்சகவ்யா செடிகள் சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் உயரம் அதிகம். கண்காட்சிக்கு வந்த நடுவர், "மற்ற மாறிகளை எல்லாம் கட்டுப்படுத்தினீர்களா?" என்று கேட்க, பிள்ளைகள் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். "வெயில், காற்று, மண், விதை என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைப்பது நடக்கிற காரியமா? நடக்காதென்றால் இந்தச் சோதனையே வீண்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாறிகளின் பட்டியல் உங்களுக்கு வேண்டியதில்லை, அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரே மாதிரி வைக்க முடியாதவற்றை என்ன செய்வது என்பதுதான் நீங்கள் கேட்பது. புத்தகம் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வயல் சோதனைகளுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்து, வந்த விளைச்சலுக்குக் கணக்குப் போட்டவன். நெல்லும் பயறும்தான் எனக்குப் பழக்கமான உலகம். சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது) ஒன்று, சார்ந்த மாறி (அதன் விளைவாக அளப்பது) ஒன்று, மற்றதையெல்லாம் மாறாமல் வை என்று பாடத்தில் மூன்று வரியில் முடிந்துவிடும். வயலில் இறங்கினால் அந்த மூன்றாவது வரிதான் உதைக்கும். ஒரே வரப்புக்குள் பத்தடி தள்ளினால் மண் வேறு, தண்ணீர் நிற்கும் ஆழம் வேறு, எலி வளை வேறு. அதனால் கட்டுப்படுத்துவது என்ற சொல்லை நாங்கள் கொஞ்சம் அகலமாகவே புழங்குவோம். சிலவற்றை மாறாமல் வைப்போம். சிலவற்றை மாற விட்டு, இரு தரப்புக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுவோம். சிலவற்றை அளந்து வைத்துக்கொண்டு பின்னால் கணக்கில் கழிப்போம். நமக்குப் பெயர்கூடத் தெரியாத மிச்சத்தைச் சீட்டுக் குலுக்கலிடம் ஒப்படைப்போம். உங்கள் பிள்ளைகள் முதல் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள்: மண்ணை ஒரே குவியலாகக் கலந்தது, விதையை ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்தது, தண்ணீரை ஒரே டம்ளரில் அளந்தது. மற்ற மூன்றும் நடக்கவில்லை.

முதல் வேலையை மட்டும் வைத்தே பெரிய விஷயங்களைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரக் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) கண்ட பன்னிரண்டு மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தார். நோயின் அளவு முடிந்தவரை ஒன்றுபோல் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். எல்லோரையும் கப்பலில் ஒரே இடத்தில் படுக்கவைத்து, ஒரே சாப்பாடு கொடுத்தார். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கொரு மருந்து: ஆப்பிள் மது, வினிகர், கடல் தண்ணீர் இப்படி. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடமாடினார்கள். இரண்டே பேர் போதுமாக இருந்தது, ஏனென்றால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பஞ்சகவ்யாவில் நீங்கள் தேடுவது இரண்டு சென்டிமீட்டர். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஜன்னல் வெயில் ஒன்றே உண்டாக்கிவிடும்.

அடுத்ததாக, அந்த 'வெறும் தண்ணீர்' தொட்டியைப் பற்றி. ஒப்பீட்டுத் தொட்டி என்றாலே ஒன்றும் போடாத தொட்டி என்று பலர் நினைக்கிறார்கள். தராசின் மறுதட்டில் எதை வைக்கிறீர்களோ அதை வைத்துத்தான் உங்கள் கேள்வியே உருவாகிறது. பஞ்சகவ்யாவைத் தெளிக்கும்போது வழக்கமாகச் சொல்லும் அளவு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. அதில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் இருக்கின்றன. வெல்லம், இளநீர், வாழைப்பழம் என்று அவரவர் கைப்பக்குவமும் சேரும். தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது, கோடிக்கணக்கில் நுண்ணுயிர் இருக்கிறது. வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால் "இதை ஊற்றுவது, எதையும் ஊற்றாமல் இருப்பதைவிட மேலா?" என்ற கேள்விக்குத்தான் பதில் வரும். எதுவும் போடாத விவசாயிக்கு அது பயனுள்ள பதில்தான். ஆனால் "பஞ்சகவ்யா என்ற கலவைக்கென்று தனிச் சக்தி உண்டா?" என்று கேட்டால் அந்தத் தொட்டி பதில் சொல்லாது. அதற்கு அதே அளவு தழைச்சத்து வரும்படி கரைத்த வெறும் சாணக் கரைசல் ஊற்றிய மூன்றாவது தொட்டி வேண்டும். நடுவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது என்பேன்.

எதை மாறாமல் வைப்பது என்பதும் கேள்வியைப் பொறுத்துத்தான். நம் சென்னையிலேயே நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல பாடம். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோய்க்காரர்களை ஆரோக்கிய நிலையத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகமே நம்பிய காலம். மருந்தை வீட்டிலேயே சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்தார்கள். நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆரோக்கிய நிலையத்துக்கும் மறுபாதியை நெரிசலான குடியிருப்புகளில் இருந்த அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். மருந்து இரண்டு பக்கமும் ஒன்றே, காலம் ஓராண்டு. சாப்பாட்டைச் சமமாக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு ஊட்டமும் குறைவு, ஓய்வும் குறைவு. "சாப்பாடு என்ற மாறியைக் கட்டுப்படுத்தவில்லையே" என்று யாராவது சொன்னால் அவர் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அந்த ஏற்றத்தாழ்வோடு சேர்த்துத்தான் வீட்டையும் ஆரோக்கிய நிலையத்தையும் ஒப்பிட்டார்கள். 1959-இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சமமாகவே பலித்தது என்று காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றிய சோதனைகளில் அதுவும் ஒன்று. நோயின் தீவிரத்தைச் சீட்டு சமமாக்கியது, மருந்தை மருத்துவர்கள் சமமாக்கினார்கள், சாப்பாட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

சீட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதன் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு அவமானத்தில். வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்கு உர அளவுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பாத்தி. களப் பணியாளருக்கு ஞாபகம் வைக்க வசதியாக இருக்கட்டுமே என்று, ஐந்து வரிசையிலும் அ, ஆ, இ, ஈ என்று ஒரே ஒழுங்கில் படம் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகாகவும் இருந்தது. அறுவடையில் 'அ' பாத்திகள் பிரமாதமான விளைச்சல். சந்தோஷமாகக் கணக்கைக் கொண்டுபோய் மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. வரைபடத்தைப் பார்த்து, "வாய்க்கால் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். "உரத்துக்குப் பரிசு கொடுக்கலை தம்பி, தலைமடைக்குக் கொடுத்திருக்கே" என்றார். முதலில் பாயும் தண்ணீரும் அதோடு வரும் வண்டலும் ஐந்து வரிசையிலும் 'அ'-வுக்கே போயிருக்கிறது. உரத்தின் பலன் எவ்வளவு, மடையின் பலன் எவ்வளவு என்று பிரிக்க எந்தக் கணக்காலும் முடியாது. ஒரு பருவம் போச்சு. இரண்டு காரணங்கள் இப்படிப் பின்னிக்கொண்டு வருவதைத்தான் கன்ஃபவுண்டிங் என்கிறோம். அறுவடைக்குப் பிறகு அதற்கு மருந்து கிடையாது, நடவுக்கு முன்பே பார்த்தால்தான் உண்டு.

வாய்க்கால் கண்ணுக்குத் தெரிகிறது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத பழைய எருக்குழி, எப்போதோ வெட்டிய மரத்தின் வேர், பத்து வருடம் முன்பு கொட்டிய சாம்பல் இவற்றை என்ன செய்வது? இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-இலிருந்து வயல் சோதனைகள் நடந்துவருகின்றன. 1919-இல் அங்கே வேலைக்கு வந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர்தான் இதற்கு வழி சொன்னார்: எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆள் தீர்மானிக்காதே, குலுக்கலுக்கு விடு. குலுக்கினால் எருக்குழி மறைந்துவிடாது. ஆனால் அது எந்த உரத்தின் பக்கமும் வேண்டுமென்று சாயாது. சாய்ந்தாலும் எவ்வளவு தூரம் சாயக்கூடும் என்று கணக்குப் போட முடியும். நமக்குத் தெரியாத ஒன்றின் அளவுக்கு ஒரு வரம்பு கட்ட முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமான விஷயம்தான்.

மனிதக் கை குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் மாவட்டத்தில் 1930-இல் நடந்த பால் சோதனையைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. பள்ளியில் தினமும் பால் கொடுத்தால் பிள்ளைகள் அதிகம் வளர்வார்களா என்பது கேள்வி. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். பத்தாயிரம் பேருக்குத் தினம் முக்கால் பைன்ட், அதாவது சுமார் 425 மில்லி பால். பத்தாயிரம் பேருக்கு இல்லை. பிப்ரவரியில் எடையும் உயரமும் எடுத்தார்கள், நான்கு மாதம் கழித்து ஜூனில் மறுபடி எடுத்தார்கள். அவ்வளவு பெரிய எண்ணிக்கை கையில் இருந்தால் எந்த ஆராய்ச்சியாளருக்கும் தலை கொஞ்சம் கனத்துவிடும்.

பிள்ளைகளைப் பிரித்தது சில இடத்தில் குலுக்கல், சில இடத்தில் அகர வரிசை. அதுவரை சரி. அதற்குமேல் ஆசிரியர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள்: ஒரு பக்கம் நோஞ்சான் பிள்ளைகளோ கொழுகொழு பிள்ளைகளோ அதிகமாகச் சேர்ந்துவிட்டால், ஆட்களை மாற்றிச் சமன்செய்துகொள்ளலாம். நோக்கம் நல்லது. ஆனால் ஆசிரியர்களும் மனிதர்கள்தானே, டீச்சர். மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் பால் பக்கம் தள்ளத்தான் கை வரும். ஆரம்ப எடையைப் பார்த்தபோது, பால் இல்லாத பிள்ளைகள் சுமார் மூன்று மாத வளர்ச்சி அளவுக்கு எடையிலும், நான்கு மாத வளர்ச்சி அளவுக்கு உயரத்திலும் முன்னால் இருந்தார்கள். இதோடு முடியவில்லை. எடை எடுத்தது உடுப்போடு. பிப்ரவரியில் குளிருக்கான கனத்த உடுப்பு, ஜூனில் மெல்லிய உடுப்பு. வசதியான வீட்டுப் பிள்ளை கழற்றிவிட்ட கம்பளி உடுப்பின் எடை, அந்தப் பிள்ளை ஏற்றிய எடையிலிருந்து கழிந்துபோகும். ஏழைப் பிள்ளையிடம் கழற்ற அவ்வளவு உடுப்பு ஏது? ஆக, பால் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் பால் பக்கம் எடை கூடியதாகத்தான் கணக்கு காட்டியிருக்கும். கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 'மாணவன்' என்று பொருள்படும் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் 1931-இல் இதையெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்தார். ஒத்த இரட்டையரில் ஐம்பது ஜோடி எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குப் பால், மற்றவருக்கு இல்லை என்று செய்திருந்தால் இந்த இருபதாயிரத்தைவிட நம்பகமான பதில் கிடைத்திருக்கும், செலவும் ஒரு துளிதான் ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கு.

இரட்டையர் என்ற அந்த யோசனையைத்தான் உங்கள் ஜன்னலோரத்தில் செய்யச் சொல்கிறேன். ஜன்னலிலிருந்து சுவர் வரை தொட்டிகளை ஜோடி ஜோடியாக வையுங்கள். ஜன்னலுக்கு ஒட்டி ஒரு ஜோடி, அடுத்து ஒரு ஜோடி, இப்படி ஆறு. ஒரு ஜோடிக்குள் வெளிச்சம் ஏறக்குறைய சமம். ஜோடிக்கு ஜோடி வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும், ஒப்பிடுவது ஜோடிக்குள்ளேதான். எது பஞ்சகவ்யா என்பதை ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டித் தீர்மானியுங்கள். தெரிந்த வித்தியாசத்தை ஜோடி பார்த்துக்கொள்ளும், தெரியாததைக் காசு பார்த்துக்கொள்ளும். வயலில் நாங்கள் இதையே பெரிதாகச் செய்வோம். வாய்க்காலுக்கு இணையாகப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் எல்லா உரமும் ஒரு முறை வரும்படி குலுக்குவோம்.

காசு சுண்டியதில் ஆறும் இடது பக்கமே விழுந்துவிட்டால்? இந்த இடத்தில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மண் எப்படிச் சரிகிறது என்று தெரிந்தால் அதற்கேற்ப மாற்றி மாற்றி வைப்பதே சிறந்தது, குலுக்கலை நம்பி இருப்பானேன் என்றார் கோசெட். அப்படி வைத்தால் பிழையை நேர்மையாக மதிப்பிட முடியாது என்றார் ஃபிஷர். இருவரும் நண்பர்கள், ஆனால் 1937-இல் கோசெட் இறக்கும்வரை இந்த விஷயத்தில் இறங்கிவரவில்லை. இன்றைக்கும் இரண்டு பக்கமும் ஆள் உண்டு. எப்படி விழுந்தால் மறுபடி சுண்டுவேன் என்பதைச் சுண்டுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டால் நியாயம் என்பது என் கட்சி. விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மாற்றுவது லானார்க்‌ஷயர் ஆசிரியர்கள் செய்ததுதான்.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமான செய்தி. தொட்டிக்கு இருபது செடி என்றாலும், உங்கள் சோதனையில் இருப்பது ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். இருபது செடியும் ஒரே மண்ணில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தொட்டியின் வடிகாலை நம்பி நிற்கின்றன. பஞ்சகவ்யாவைக் கொடுத்தது தொட்டிக்கு, அதனால் எண்ண வேண்டியது தொட்டியை. ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளில்கூட இந்தத் தவறை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருபதை இருபதாகவே எண்ணிக் கணக்குப் போட்டு, பெரிய வெற்றி என்று எழுதிவிடுவார்கள்.

எத்தனை தொட்டி போதும் என்பதற்குப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. ரோத்தம்ஸ்டெட்டில் ஒரு பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். அதை வைத்து ஃபிஷர் 1935-இல் வந்த தன் நூலில் ஒரு சோதனையை விவரித்தார். எட்டு கோப்பை, நான்கு இந்த வகை, நான்கு அந்த வகை, வரிசை குலுக்கலில். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி இருப்பதால், ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புதான். மூன்றுக்கு மூன்று என்றால் இருபதில் ஒன்று ஆகிவிடும், அது அவ்வளவு அரிதில்லை. உங்கள் ஜோடிகளுக்குக் கணக்கு இன்னும் எளிது. பஞ்சகவ்யாவுக்கு ஒரு பலனும் இல்லை என்றால் ஒவ்வொரு ஜோடியிலும் அது ஜெயிப்பது காசு சுண்டுவது போலத்தான். ஆறு ஜோடியிலும் அதுவே ஜெயிக்க அறுபத்து நான்கில் ஒரு வாய்ப்பு. எட்டு ஜோடி வைத்தால் இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று. இப்போது உங்களிடம் இருப்பது ஒரே ஜோடி: இரண்டில் ஒன்று. நடுவரிடம் இந்த ஒரு எண்ணைப் பிள்ளைகள் சொல்லியிருந்தால் அவரே அசந்திருப்பார்.

அளக்கும் கையும் ஒரு மாறிதான். பஞ்சகவ்யா செடி உயரமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை, ஸ்கேலைப் பிடிக்கும்போது இலை நுனியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கும். திட்டமிட்டுச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். தொட்டிகளுக்கு எண் மட்டும் ஒட்டிவிட்டு, எந்த எண் எது என்று தெரியாத வேறு வகுப்புப் பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். பஞ்சகவ்யா நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது உண்மை. கடைசி ஊற்றலுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து அளந்தால் அந்தத் தொல்லை குறையும். அப்புறம், உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். வெளிச்சம் போதாத செடிதான் வெளிறி, ஒடிசலாக, நெடுநெடுவென்று வளரும். இரண்டு சென்டிமீட்டர் அதிகம் என்பது நலிவின் அடையாளமாகக்கூட இருக்கலாம். உங்கள் பஞ்சகவ்யா தொட்டி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்ததா, தள்ளி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடை பார்ப்பது இதைவிட நம்பகமானது. கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சிறிய தராசு இருந்தால் தொட்டிச் செடிகளை மொத்தமாகப் போட்டுப் பார்க்கலாம்.

அளந்து வைத்துக் கணக்கில் கழிப்பது என்று ஒன்று சொன்னேன். அதில் ஒரு குழி இருக்கிறது, படித்தவர்களே விழும் குழி. ஒரு தொட்டியில் இருபதுக்கு இருபதும் முளைத்து, இன்னொன்றில் பதினைந்துதான் முளைத்தது என்று வையுங்கள். பஞ்சகவ்யா ஊற்றத் தொடங்கியது முளைத்த பிறகு என்றால், முளைப்பு எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு சரிசெய்வது நியாயம், அந்த வித்தியாசத்துக்குப் பஞ்சகவ்யா பொறுப்பில்லை. ஆனால் விதையையே பஞ்சகவ்யாவில் ஊறவைத்திருந்தால், முளைப்பு கூடியதே அதன் பலனாக இருக்கலாம். அதைக் கழித்தால் தேடிய பொருளையே கழித்துவிடுவீர்கள். சிகிச்சைக்கு முன்னால் இருந்ததைக் கழிக்கலாம், சிகிச்சைக்குப் பின்னால் வந்ததில் கை வைக்கக்கூடாது. 'மாறியைக் கட்டுப்படுத்தினோம்' என்று கணினியில் பத்து மாறிகளை உள்ளே தள்ளிவிடும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மாறாமல் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. எதையெல்லாம் நிலையாக வைத்தீர்களோ, முடிவு அந்த நிலைமைக்கு மட்டும்தான் பேசும். பழைய உயர ரக நெல்லுக்குத் தழைச்சத்தை ஏற்றினால் பயிர் சாய்ந்துவிடும். அந்த ரகத்தை மட்டும் மாறாமல் வைத்துச் சோதித்தவர்களுக்குத் தழைச்சத்தைக் கூட்டிப் பயனில்லை என்றே முடிவு வந்திருக்கும். 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த குட்டை ரகமான ஐ.ஆர்.8, அதே தழைச்சத்தை வாங்கிக்கொண்டு சாயாமல் நின்று விளைந்தது. ரகமும் உரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்ற பாடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தால் இது கண்ணில் படாது. இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கவேண்டும் என்பது முழுக்கத் தவறு என்று ஃபிஷர் 1926-லேயே எழுதினார். எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகள் செய்ததில் உறுதியாகச் சொல்ல முடிவது என்ன? அந்த இரண்டு தொட்டிகளில் ஒன்றில் செடி உயரமாக இருந்தது, அதுவரை நிச்சயம். காரணம் பஞ்சகவ்யாவா, ஜன்னலா, அடியில் ஓட்டை அடைத்துக்கொண்ட தொட்டியா என்பதை அந்த எண்களிலிருந்து எடுக்க முடியாது. பச்சைப்பயறு விளைச்சல் கூடுமா என்பது இன்னும் தூரம், மூன்று வார நாற்றின் உயரத்திலிருந்து காய்க்குத் தாவ முடியாது. வீண் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். முன்னோட்டம் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சென்டிமீட்டர் போன்ற வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்பது இப்போது தெரிகிறது, அது இல்லாமல் அடுத்ததைத் திட்டமிட முடியாது. அடுத்த முறை பன்னிரண்டு தொட்டி, தொட்டிக்கு நான்கைந்து செடி போதும். இடம் இருந்தால் ஒவ்வொரு ஜோடியோடும் சாணக் கரைசல் தொட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது காசு உதவாது, மூன்று சீட்டு எழுதிக் குலுக்குங்கள். எதை அளப்போம், எந்த நாளில் அளப்போம் என்பதை விதை போடும் நாளிலேயே நோட்டில் தேதி போட்டு எழுதிவிடச் சொல்லுங்கள். மிளகாய் டப்பா, தீப்பெட்டி எதில் வேண்டுமானாலும் குலுக்கலாம், ஆனால் சீட்டை எடுப்பது பஞ்சகவ்யா ஜெயிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கும் பிள்ளையாக இருக்கட்டும். எடுத்த சீட்டை மாற்றக் கேட்டு அந்தப் பிள்ளை கெஞ்சும் பாருங்கள், அப்போது லானார்க்‌ஷயர் கதையைச் சொல்லுங்கள். எடைகள் வந்ததும் தொட்டி எண்ணோடு எழுதுங்கள், எது பஞ்சகவ்யா என்று எனக்கும் சொல்லாதீர்கள். முதலில் கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.